பிரேக் பிடித்தால் பாட்டு

தைரியம் இல்லாத ஆண்கள் காதலைச் சொல்ல நண்பன், கடிதம், திருவிழா என்று ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்வார்கள். நான் பிடித்தது கார் ஸ்டீரியோவை. அதிலும் தப்பான ஒயரை.

தொண்ணூறுகளின் கடைசி. கோலார் தங்கவயலான கே.ஜி.எஃப்பில் புல்டோசரும் டம்பர் லாரியும் செய்கிற தொழிற்சாலையில் நான் எலக்ட்ரீஷியன். (வீடு உயர டம்பருக்கே ஒயரிங் செய்கிறவன் என்ற திமிர் வேறு.) கோயில் பாடகர் குழுவில் பாடும் ஸ்டெல்லாவும் நானும் கல்யாணம் செய்துகொள்வதென்று எப்போதோ முடிவு செய்துவிட்டோம். அது தெரியாதவர் அவள் அப்பா ஒருவர்தான். ஆரோக்கியம் அங்கிள், சுரங்கத்தில் ஆட்களைக் கேஜில் ஏற்றி இறக்கும் வைண்டிங் இன்ஜினை ஓட்டி ரிட்டயர் ஆனவர். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஒரு மாப்பிள்ளையின் வீட்டாரை அந்த ஞாயிறு கோலாரில் சந்தித்துப் பதில் சொல்வதாக ஒப்புக்கொண்டிருந்தார். அதற்குள் நான் வாயைத் திறந்தாக வேண்டும்.

அந்த வாரம் பார்த்து அவருக்குத் தன் பழைய ஃபியட்டில் ஸ்டீரியோ வைக்கும் ஆசை வந்தது. "நான் மாட்டித் தரேன் அங்கிள்" என்று பாய்ந்தேன். திட்டம் இதுதான்: செட்டைக் கவனிக்கிற சாக்கில் நானும் கோலாருக்குத் தொற்றிக்கொள்வேன். ஸ்டெல்லா பாடிய கோயில் பாட்டு கேசட் ஓடும். மகள் குரலில் அப்பா உருகுவார். உருகும்போது கேட்டுவிடுவேன்.

சனிக்கிழமை டாஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்தேன். டம்பரில் ஒவ்வொரு ஒயருக்கும் ஒரு நிறம் உண்டு. இங்கே எல்லா ஒயரும் கிரீஸ் நிறம். வீட்டு வாசலோ சரிவு, ஹேண்ட் பிரேக் பிடிக்காது. சக்கரத்துக்குக் கல் வைக்கலாமா என்று கேட்டேன்.

"கல்லை நம்பி கேஜை நிறுத்துவாங்களா? நான் பிரேக் மேல காலை வெச்சு குந்திகினு இருக்கறேன், நீ பாரு" என்று டிரைவர் சீட்டில் உட்கார்ந்துவிட்டார்.

டெஸ்ட் பல்பு ஒரு ஒயரில் பளிச்சென்று எரிந்தது. அதிலேயே கரண்ட் எடுத்தேன். பின்னால் வைத்த பெரிய ஸ்பீக்கர்கள் 'டொங்' என்று ஒருமுறை அதிர்ந்தன, ஸ்டெல்லா பாடினாள். அங்கிள் என் தோளைத் தட்டினார். பாதி மாப்பிள்ளை ஆகிவிட்டதாகவே நினைத்தேன்.

ஞாயிறு பூசை முடிந்து அங்கிள், ஸ்டெல்லா, நான் மூவரும் கிளம்பினோம். அங்கிள் பிரேக்கிலிருந்து காலை எடுத்தார். பாட்டு நின்றது.

நான் பிடித்தது பிரேக் லைட்டுக்குப் போகும் ஒயர். பிரேக்கை மிதித்தால்தான் அதில் கரண்ட் வரும். இது இன்று தெரிகிறது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், கார் நின்றால் பாட்டு ஓடுகிறது, கார் ஓடினால் பாட்டு நிற்கிறது என்பதுதான். கேசட்டைத் திருப்பினேன், ஊதினேன், ஸ்டீரியோவைக் குத்தினேன். ஆண்டவருக்கு என்மேல் ஏதோ மனஸ்தாபம் என்றுகூடத் தோன்றியது.

அதைவிடக் குழப்பினார் அங்கிள். பள்ளம் வந்தால் பிரேக்கில் லேசாகக் கால் வைப்பார். ஸ்பீக்கர் 'டொங்' என்னும். உடனே அழுத்தி மிதித்துக் காரையே நிறுத்திவிடுவார்.

"ஏன் அங்கிள் நிறுத்திட்டீங்க?"

"ஒரு பெல் அடிச்சுதேபா. ஒரு பெல்லுன்னா ஸ்டாப்பு. நிக்கலன்னா கேஜ்ல இருக்கறவன் கதி இன்னா ஆவறது?"

"இது கார் அங்கிள்."

"எனக்குத் தெரியுது. காலுக்குத் தெரியலியே!"

கேசட் ஸ்டெல்லா "அல்லே" என்று நிறுத்தி, அடுத்த பள்ளத்தில் "லூயா" என்று முடித்தாள். பின்சீட்டிலிருந்த நிஜ ஸ்டெல்லா துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். நானும் விடாமல் ஆரம்பித்தேன். "அங்கிள், ஸ்டெல்லா விஷயமா..." டொங். மறுபடி பாட்டு.

ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் ஒரு மாடு குறுக்கே வந்து நின்றது. டொங். நாங்களும் நின்றோம். பின்னால் ஒரு பஸ் ஹார்ன் அடித்தது, காருக்குள் அல்லேலூயா. இன்னும் ஒரு மணி நேரத்தில் கோலார் வந்துவிடும், ஸ்டெல்லா எனக்கு இல்லை என்று ஆகிவிடும். சத்தத்தைக் குறைக்க ஒரு திருகு இருப்பதே மறந்துபோயிற்று.

"அங்கிள், ஒண்ணு கேக்கணும்!"

"இன்னா? காதுல உழல. சத்தமா சொல்லு!"

கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுத்தேன். அதற்குள் மாடு நகர்ந்துவிட்டது, பஸ் ஹார்னும் ஓய்ந்துவிட்டது, அங்கிள் பிரேக்கை விட்டார். எனக்கு எதுவும் தெரியாது.

"ஸ்டெல்லாவை எனக்கே கட்டிக் குடுத்துடுங்க!"

அந்த அமைதியில் என் குரல் மார்க்கெட் கடைசி வரைக்கும் போயிற்று. கீரைக்காரம்மா கீரைக்கட்டை நீட்டிய கையோடு அப்படியே நின்றார். பஸ் ஜன்னல்களில் தலைகள் முளைத்தன, அதில் பாதி எங்கள் கோயில் ஆட்கள். அங்கிள் மறுபடி பிரேக்கை மிதித்தார், பாட்டு கிளம்புமுன் கேசட்டைப் பிடுங்கினார். எனக்கு இறங்கி ஓடிவிடலாம் போலிருந்தது.

பஸ் டிரைவர் தலையை நீட்டினார். "ஜல்தியா பதில் சொல்லுங்க சார், ட்ரிப்புக்கு லேட் ஆவுது!"

அங்கிள் கண்ணாடியில் மகளைப் பார்த்தார். "நீ இன்னாம்மா சொல்ற?"

"கட்டிக்கறேன் டாடி. ஆனா வண்டில கை வெக்க வேணாம்னு சொல்லுங்க."

அவர் காரை வீட்டுக்கே திருப்பினார். பெங்களூர்க்காரர்களுக்குப் போனில் "இங்கயே முடிஞ்சிடுச்சுங்க" என்று சொல்லிவிட்டார்.

எங்கள் கல்யாண வீடியோ கேசட் ஒரே ஓர் இடத்தில் மட்டும் தேய்ந்திருக்கிறது. பிள்ளைகள் அதை அத்தனை முறை ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். பீடத்தின் முன்னால் ஃபாதர் என் சம்மதத்தைக் கேட்கிறார். கூச்சத்தில் என் குரல் வெளியே வரவில்லை. முன்வரிசையிலிருந்து மாமனார் எழுந்திருக்கிறார்.

"ஃபாதர், அவனுக்கு இங்க வராது. மார்க்கெட்டுக்கு இட்டுகினு போய்க் கேளுங்க!"