கதவுக்கு ஒரு நல்ல நேரம்

குற்றாலத்துப் பக்கம் பூஞ்சோலை அருவியில் பெண்கள் உடை மாற்றும் அறை ஒன்று உண்டு. நான்கு சுவர் உண்டு, கூரை உண்டு, வெளிச்சுவரில் 'பெண்மையைப் போற்றுவோம்' என்ற வாசகமும் உண்டு. கதவு மட்டும் கிடையாது. போன சீசன் காற்றில் அது பெயர்ந்து போனதிலிருந்து, துப்புரவு வேலை பார்க்கும் தங்கபுஷ்பம் பழைய சேலை ஒன்றை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தபடி வாசலில் நிற்கிறாள். அலுவலகக் கோப்பில் அவளுக்குப் பெயர் 'தற்காலிக மறைப்பு ஏற்பாடு'.

அதற்காக நிர்வாகம் தூங்குகிறது என்று யாரும் நாக்கு மேல் பல்லைப் போட்டுப் பேசக் கூடாது. தென்காசியில் இருக்கும் அருவி வசதி வாரியத்தின் அலுவலர் சிவனணைந்தபெருமாள் கதவைப் பற்றி யோசிக்காத நாளில்லை. எதையும் உரிய தருணத்தில் செய்ய வேண்டும் என்பது அவர் கொள்கை. அதற்கென்றே கோயம்புத்தூர் வரை போய் நேர மேலாண்மைப் பயிற்சி முடித்து, சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார்.

ஆனி மாதத்தில் ஒருநாள், தோள்வலி பொறுக்காமல் தங்கபுஷ்பம் நேரிலேயே போய்க் கேட்டாள்.

"சார், கையத் தூக்கித் தலை சீவ முடியல. ஒரு கதவு போட்டுத் தாங்க. பொம்பளப் பிள்ளைய கூனிக் குறுகி நிக்குதுவ."

"போடாம இருப்பமா? இப்ப கூட்டம்மா. கூட்டத்துல எப்படி வேலை நடக்கும்?"

"சரி, ஆடியில?"

"ஆடியில எவனாவது கதவு வைப்பானா?"

"அப்ப ஆவணியில போடுங்க."

"ஆவணியில தண்ணி நின்னு போயிருமே. குளிக்க ஆளில்லாத இடத்துக்குக் கதவு எதுக்குன்னு ஆடிட்ல கேப்பான்."

"கார்த்திகையில மறுபடி விழுதுல்லா சார்?"

"ஐயப்ப சாமிமாரு வருவாங்க. கூட்டம்."

மார்கழியில் நல்ல காரியம் ஆகாது; தையில் பாறைதான் தெரியும்; பங்குனியில் நிதியாண்டு முடிகிறது. பன்னிரண்டு மாதத்தையும் அலசிவிட்டு அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். வருஷத்தில் மாதம் இவ்வளவுதான் இருக்கிறது என்றால் அவர்தான் என்ன செய்வார்.

ஆடி பிறந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, உள்ளே கல்லூரிப் பிள்ளை ஒருத்தி துணி மாற்றிக்கொண்டிருக்கும்போது, சேலைக்கு மேலாக எவனோ செல்போனை உயர்த்தினான். சேலையை விட்டால் பிள்ளை மானம் போகும். விடாவிட்டால் அவனை அறைய முடியாது. தங்கபுஷ்பம் கத்தத்தான் முடிந்தது. அவன் சிரித்துக்கொண்டே நடந்து போனான். அன்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவளுக்கு அழுகை.

மறுநாள் சுரண்டையில் இடித்துப் போட்ட வீடு ஒன்றில் பழைய கதவு வாங்கினாள். பாவூர்சத்திரம் சந்தைக்குக் காய்கறி ஏற்றுகிற அஹ்சன், தன் வண்டியில் கொண்டுவந்து மாட்டியும் கொடுத்தான்.

வாரியம் வெகுண்டு எழுந்தது. முறைப்படி திறந்து வைக்கப்படாத கதவு ஒன்று பொதுமக்களால் தன்னிச்சையாகத் திறந்து மூடப்படுவதாகத் தகவல் வந்ததும், மத்தியானத்துக்குள் ஜீப் வந்து அதைக் கழற்றிக்கொண்டு போயிற்று. அன்று ஆடி, அஷ்டமி, கூட்டம், கொட்டுகிற மழை. ஒன்றும் குறுக்கே நிற்கவில்லை. பறிமுதல் செய்த கதவைப் பாதுகாப்பாக வைக்க இடமில்லாததால், அவசர அவசியம் கருதி, கதவு உளுத்துப்போயிருந்த அலுவலகக் கழிவறையில் அன்று மாலையே மாட்டிவிட்டார்கள். அளவு கச்சிதமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை தங்கபுஷ்பம் திருப்புளியோடு அலுவலகத்துக்குப் போனாள், அஹ்சனையும் கூட்டிக்கொண்டு. கீல் அசைகிற சத்தம் கேட்டு உள்ளேயிருந்து குரல் வந்தது.

"யாரு அங்கன?"

"தங்கபுஷ்பம், சார்."

"என்ன பண்ணுத?"

"கதவக் கழட்டுதேன்."

"ஏம்மா, நான் உள்ள இருக்கேன். இது சமயமா?"

"உங்களுக்கு இல்லதான் சார். எனக்கு இதான் சமயம்."

அதிகாரியின் மானத்தைக் காப்பது எந்தப் பிரிவின் பொறுப்பு என்று ஊழியர்கள் பேசி முடிப்பதற்குள் கதவு வண்டியில் ஏறிவிட்டது. போகும்போது தங்கபுஷ்பம் பழைய சேலையை மடித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டே உள்ளே நீட்டினாள். "தற்காலிகமா வச்சுக்கிடுங்க சார்."

பதினொரு மணிக்கு அருவியில் கதவு மாட்டியாகிவிட்டது, புதுத் தாழ்ப்பாள் உட்பட. ஈரத்துணியோடு வரிசையில் நடுங்கிக்கொண்டிருந்த பெண்கள் கை தட்டினார்கள். வீடியோ எடுத்தார்கள். செய்தால் இந்த அக்கா மாதிரி உடனே செய்ய வேண்டும் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். உள்ளே மட்டும் யாரும் போகவில்லை.

"போங்கம்மா, ஏன் நிக்கிய?"

முதலில் நின்ற ஜெயபிரியாவுக்குப் பல் கிட்டித்தது. "வெள்ளிக்கிழம ராகு காலம்லா அக்கா. புதுக் கதவு வேற. பன்னெண்டு அடிக்கட்டும்."

"திறப்பு விழான்னு ஒண்ணு வைப்பாங்கல்லா," என்றாள் அடுத்தவள். "அதுக்கு முன்ன நாம நுழைஞ்சா நல்லாவா இருக்கும்?"

தங்கபுஷ்பம் மூன்றாவதாக நின்ற ஜைனப்பைப் பார்த்தாள். "நீயாவது போயேன் தாயி."

"எங்களுக்கு ராகு காலம்லாம் கிடையாதுக்கா," என்றாள் ஜைனப். "ஆனா இத்தன பேரு நிக்கும்போது நான் மட்டும் எப்படி முந்திப் போக?"

தங்கபுஷ்பம் திருப்புளியை இடுப்பில் செருகினாள். பிறகு தானே உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு, தரையில் கால் நீட்டி உட்கார்ந்துவிட்டாள்.

உள்ளே ஆள் இருக்கிறது என்று தெரிந்ததும் வரிசையின் முகம் தெளிந்தது. காத்திருக்க இப்போது முறையான காரணம் கிடைத்துவிட்டது.