என் பேஷண்டுக்கு வயது ஒன்பது

கூச்ச சுபாவம் உள்ளவர்களால் யாருக்கும் தொந்தரவில்லை என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. பொய். ஒரு கேள்வி கேட்கக் கூச்சப்பட்டு அதற்குப் பதிலாக நாங்கள் செய்துவைக்கும் காரியங்கள் இருக்கின்றனவே! நானெல்லாம் ஒரு நீராவி இயந்திரத்தை நோயாளியாக எடுத்துக் கேஸ் எழுதி, அதைத் தேர்வாளர் முன்னால் சத்தமாக வாசித்தவள்.

விழுப்புரத்தில் நர்சிங் கடைசி வருடம். இறுதிப் பயிற்சிக்கு எந்த யூனிட் வேண்டும் என்று ஒரு படிவம் கொடுத்தார்கள். முதல் விருப்பம், இரண்டாவது, மூன்றாவது என்று மூன்று கட்டங்கள். எங்கள் ஹாஸ்டல் அறையில் நால்வர். நால்வருமே எமர்ஜென்சி கேட்பது என்று பேசி வைத்திருந்தோம். எனக்கு ரத்தத்தைப் பார்த்தாலே ஆகாது. ஆனால் அந்த மூன்று பேரை விட்டால் கல்லூரியில் எனக்குப் பேச ஆளில்லை. அதனால் மூன்று கட்டங்களிலும் எமர்ஜென்சி என்றே எழுதினேன். (சாமியிடம் மூன்று முறை கேட்டால் கொடுத்துவிடுவார் அல்லவா, அந்தக் கணக்கு.)

மதிப்பெண்படி மூவருக்கும் எமர்ஜென்சி கிடைத்தது. என் மதிப்பெண் எட்டவில்லை. வேறு விருப்பமும் எழுதாததால், யாருமே கேட்காமல் மீந்துபோன இடத்தை எனக்குப் போட்டார்கள். திண்டிவனத்தில் ஒரு மருத்துவமனையின் ஸ்டெரிலைசேஷன் அறை. ஆபரேஷன் கருவிகளையும் கட்டுத்துணிகளையும் நீராவியில் வேகவைத்துக் கிருமி நீக்கும் இடம். நோயாளிகளே கிடையாது.

"ஏண்டி, ரெண்டாவது கட்டத்துல வேற எதுனா எழுத மாட்டியா? நாங்கல்லாம் எழுதனோமே" என்றாள் மூவரில் ஒருத்தியான ஸ்டெல்லா.

"நீங்க சொல்லவே இல்லியே."

"இதெல்லாமா சொல்லிக்கினு இருப்பாங்க?"

அன்றுதான் முதன்முதலாக வலித்தது.

தினமும் தனியாகத் திண்டிவனம் பஸ் ஏறினேன். அந்த அறையில் ஆட்டோகிளேவ் என்ற பெரிய நீராவி இயந்திரமும் அஞ்சலை என்ற உதவியாளர் அக்காவும் இருந்தார்கள். அக்கா காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு போனில் சீரியல் பார்ப்பார். என்னிடம் பேசியது இரண்டே வாக்கியங்கள்: "டிரம்மு எடு", "டிரம்மு வையி". டிரம்மு என்றால் துணியும் பஞ்சும் அடைத்த எவர்சில்வர் டப்பா. ஹாஸ்டலுக்குத் திரும்பினால் மற்ற மூவரும் எமர்ஜென்சிக் கதைகளைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். எனக்குச் சொல்லக் கதை இல்லை. பஞ்சு வெந்தது என்று எவ்வளவு நேரம் சொல்வது?

அப்போதுதான் அறிவிப்பு வந்தது: ஒவ்வொருவரும் அவரவர் யூனிட்டிலிருந்தே ஒரு கேஸ் எடுத்து வாசிக்க வேண்டும், வாசிக்காதவருக்குத் தேர்ச்சி இல்லை. அப்பாவோ கண்டாச்சிபுரம் சந்தையில் மல்லாட்டை மூட்டை இறக்குகிற ஆள்வரைக்கும் "எம் பொண்ணு நர்சு" என்று சொல்லி முடித்திருந்தார். தேர்ச்சி இல்லையென்றால் ஊர்ப்பக்கம் தலைகாட்ட முடியாது. 'மேடம், என் யூனிட்டில் நோயாளி இல்லையே' என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பயிற்சியைக் கவனிக்கும் மேடத்தின் அறை வாசல்வரை மூன்று தடவை போய்த் திரும்பி வந்தேன். பிறகு அந்த அறையில் இருந்ததை வைத்தே எழுதிவிட்டேன்.

வெளியூரிலிருந்து தேர்வாளர் அம்மா வந்திருந்தார். வகுப்பே உட்கார்ந்திருந்தது. நான் எழுந்து ஆரம்பித்தேன்.

"பேஷண்டுக்கு வயது ஒன்பது. மூச்சு விடும்போது பலத்த சத்தம். கழிவு வெளியேற்றம் தினமும் காலை ஒருமுறை, குழாய் வழியாக."

தேர்வாளர் 'ஐயோ பாவம்' என்பதுபோல் தலையசைத்தார்.

"டெம்பரேச்சர் நூத்தி இருவத்தொண்ணு."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ஃபாரன்ஹீட்டா?"

"செல்சியஸ் மேடம்."

"உசுரோட இருக்கா?"

"ஆட்டோகிளேவ் மேடம்."

வகுப்பு வெடித்தது. ஸ்டெல்லா மேசையில் தலையைக் கவிழ்த்துக் குலுங்கினாள். நிறுத்தத் தெரியாமல் நான் வாசித்துக்கொண்டே போனேன். கேஸ் படிவத்தின் கடைசிக் கட்டம், மனநிலை. அதையும் காலியாக விடாமல் நிரப்பியிருந்தேன். "தனி அறையில் இருப்பதால் தனிமை. யாரும் பேசுவதில்லை. நாள் முழுக்க ஒருமுறைகூட யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை."

தேர்வாளர் மட்டும் சிரிக்கவில்லை. கையைக் காட்டி வகுப்பை அடக்கிவிட்டு, மெதுவாகக் கேட்டார்.

"பேரு சொல்லிக் கூப்புடறதில்லன்னா, மெஷினயாம்மா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது.

"உம் பேரு என்ன?" என்றார். சொன்னேன். "மங்கை, ஒரு வாரம் மெடிக்கல் வார்டுக்குப் போ. மனுசனா பாத்து ஒரு கேஸ் எடுத்துக்கினு வந்து வாசி" என்றார். அப்படியே செய்து தேறினேன்.

இப்போது நான் விழுப்புரத்தில் ஸ்டாஃப் நர்ஸ். ஊருக்குப் போகும்போதெல்லாம் குக்கர் விசில் அடித்தால் அம்மா, "மங்கை, உன் பேஷண்டு கத்திக்கினு இருக்குது, ஜல்தி போய்ப் பாரு!" என்பாள். உடனே அப்பா, "உசுரோட இருக்கா?" என்பார். வந்திருக்கும் விருந்தாளிக்கு முழுக் கதையும் மறுபடி சொல்லப்படும். நூற்றிருபத்தொன்று வந்ததும் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள். கதை அங்கேயே முடிந்துவிடும். கடைசிக் கட்டத்தில் நான் எழுதியதை வீட்டில் யாருக்கும் இன்றுவரை சொல்லவில்லை. நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்துவிட்டு அடுப்பை அணைக்கப் போய்விடுவேன்.