இரும்புப் பெட்டியும் கடலைப் பொட்டலமும்

ஏழு வாசல் வைத்து நீதிமன்றம் கட்டிவிட்டு, எந்த வாசல் எதற்கு என்று எழுதிப் போட மறந்துபோன நாடு ஒன்று இருந்தது. வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் தாங்களே வாதாடலாம் என்று அங்கே சட்டம் இருந்தது. எப்படி வாதாடுவது என்ற நடைமுறை ஒரே புத்தகத்தில் இருந்தது. புத்தகம் இரும்புப் பெட்டிக்குள் இருந்தது.

குடிகள் முறையிட, நடைமுறை அமைச்சர் மனமிரங்கினார்.

"புத்தகத்தைப் பார்க்க எவரும் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பிக்கும் முறை அப்புத்தகத்தின் நாலாம் பக்கத்தில் தெளிவாக உள்ளது."

நீதிமன்ற வாசலில் கடலை விற்ற பூவாத்தாளின் வீட்டை இடித்து, அரண்மனை யானைகளுக்குக் கொட்டில் கட்டவிருந்தார்கள். அவள் கொடுத்த மூன்று மனுக்களும் தள்ளுபடியாயின. மூன்றாவது மனு அவளிடமே திரும்பி வந்தது, பொட்டலம் மடிக்க எடைக்கடையில் வாங்கிய பழைய தாள்களுக்கு நடுவே. ஓரத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தது: 'சாட்சிகள் கையெழுத்து இல்லை.'

அன்று அவள் அடுப்பு மூட்டவில்லை. கட்டுக் கட்டாகக் கிடந்த தள்ளுபடி மனுக்களின் ஓரங்களைப் படித்துக்கொண்டே இருந்தாள். முன்பின் தெரியாத யார் யாரோ தோற்றுத் தோற்று அவளுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாளிலிருந்து கடலை வாங்க வந்தவர்களிடம், "வீடா, நிலமா, வேலையா?" என்று கேட்டு, அதற்கேற்ற தாளில் மடித்துக் கொடுத்தாள். தின்றவர்கள் படித்தார்கள், படித்தவர்கள் வென்றார்கள். தலைப்பாகை கட்டிய ஒரு முதியவர் மட்டும் தினமும், "எல்லாத்துலயும் ஒண்ணு குடும்மா" என்பார்.

அமைச்சர் விழித்துக்கொண்டார். தின்றுகொண்டே படிப்பது தடை செய்யப்பட்டது. மக்கள் தின்றுவிட்டுப் படித்தார்கள். உடனே வாசல்தோறும் முகர்ந்து பார்க்கும் காவலர்கள் வந்தார்கள். வாயில் கடலை வாசம் அடித்தால் வழக்கு ஒரு மாதம் தள்ளிப்போனது. பூவாத்தாளிடம் வாங்க ஆளில்லை. அந்தத் தலைப்பாகைக்காரர் மட்டும் வந்துகொண்டிருந்தார்.

தாள்களில் படித்தபடியெல்லாம் செய்து அவள் போட்ட நாலாவது மனு விசாரணைக்கு வந்தது. அமைச்சரே எழுந்தார்.

"மனுதாரர் யானைகளை எதிர்மனுதாரர்களாகச் சேர்க்கவில்லை. விதிப்படி இம்மனு செல்லாது."

பூவாத்தாள் முன்னால் வந்து நின்றாள். "நான் ஆயிரம் தாள் படிச்சிருக்கேங்க. ஒண்ணுலகூட அப்படி இல்ல. புத்தகத்தைத் திறந்து காட்டுங்க."

பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே கைப்பிடி மண்ணும் கறையானும் இருந்தன.

"கறையான்மீது தக்க நடவடிக்கை எடுக்கப்படும்" என்றார் அமைச்சர்.

நடுவர் அங்கிக்குள் கைவிட்டு, உப்புக்கறை படிந்த தாள் ஒன்றை எடுத்து நீவினார். கடலைத்தோல் ஒன்று மேசைமேல் விழுந்தது.

"'அரசுக்கு எழுதி நாற்பது நாள் முடியுமுன் வந்ததால் தள்ளுபடி. அதன் பிறகும் அரசு பதில் தராவிட்டால் மனு ஏற்கப்படும்.' இந்த அம்மா பதிலில்லாமல் நாற்பத்தோரு நாள் பொறுத்திருக்கிறார். வீடு அவருடையது."

நடுவரின் நாற்காலிக்குப் பின்னால் அந்தத் தலைப்பாகைக்காரர் கைகட்டி நின்றுகொண்டிருந்தார்.

மறுநாள் காலை அவர் வழக்கம்போல வந்தார்.

"எல்லாத்துலயும் ஒண்ணுதானே அண்ணே?"

"இன்னைக்கு ரெண்டு ரெண்டாக் குடும்மா" என்றார் அவர். "அமைச்சரும் கேட்டாரு."