கல்யாணப் பேன்ட் சொன்ன சாட்சி

எடையைக் குறைக்கப் பாடுபடுகிறவர்கள் ஒரு இனம். எடையை அப்படியே விட்டுவிட்டு, எடை காட்டும் கருவியோடு மல்லுக்கு நிற்பவர்கள் இன்னொரு இனம். முதல் இனத்தார் விடிவதற்குள் நடக்கப் போய்விடுவதால் கண்ணில் படுவது அபூர்வம். இரண்டாவது இனத்தைத் தேடி நீங்கள் அலையவே வேண்டாம். குளியலறைக் கதவு உள்ளே தாழிட்டிருக்கிறதா? தண்ணீர் விழும் சத்தத்துக்குப் பதிலாகத் தரையில் எதையோ இழுக்கும் சத்தம் கேட்கிறதா? அவரேதான். எடை மெஷினை எந்த மூலையில் வைத்தால் அரைக் கிலோ குறைகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்.

நம்மவரையே எடுத்துக்கொள்வோமே. தொழில் நில அளவை. வேலிக்கு இந்தப் பக்கம் அண்ணனும் அந்தப் பக்கம் தம்பியும் முறைத்துக்கொண்டு நிற்க, நடுவே டேப்பை விறைப்பாக இழுத்துப் பிடித்து, விரற்கடை இடம்கூட யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். "டேப்பு தொங்கினா அளவு பொய்" என்பார். அப்பேர்ப்பட்ட மனிதர், அளக்க வேண்டியது தன் வயிறு என்றதும் அந்தர் பல்டி அடித்துவிட்டார்.

டாக்டர்தான் ஆரம்பித்துவைத்தார். ரத்தத்தில் சர்க்கரை விளிம்பில் நிற்கிறது, மூன்று மாதத்தில் வயிறு இறங்காவிட்டால் ஆயுசுக்கும் மாத்திரை என்றார். கூட வந்த மனைவியின் முகம் செத்துவிட்டது. அவளுடைய அண்ணன் இதே விளிம்பில் சிரித்துக்கொண்டே நின்றவர், இப்போது இல்லை. நம்மவர் பயப்படவில்லையா? பயந்தார். நன்றாகவே பயந்தார். பயந்தவர் என்ன செய்வார்? சாட்சிகளைக் கலைக்கப் பார்ப்பார்.

எடை மெஷின் கூடுதலாகக் காட்டியதா? "வெறும் எடை என்னத்தச் சொல்லும், எலும்பும் அதுலதானே சேருது" என்றார். எடையை உயரத்தோடு சேர்த்துப் பார்க்கும் பி.எம்.ஐ. கணக்கைப் போட்டார், அதுவும் காலை வாரியது. உடனே உயரத்தை மறு அளவை செய்தார், ஷூவோடு. "எனக்கு எடை கூடல, உயரம்தான் கொஞ்சம் கம்மி" என்று தீர்ப்பானது. பி.எம்.ஐ.க்குத் தசை எது, கொழுப்பு எது என்று பிரிக்கத் தெரியாது என்று எங்கோ படித்துக் குதித்தார். உண்மைதான். ஆனால் பிரித்தெடுக்க அவரிடம் தசை எங்கே இருந்தது? பாதத்தின் வழியே லேசான மின்சாரத்தை அனுப்பிக் கொழுப்பைக் கணக்கிடும் மெஷின் ஒன்றை வாங்கினார்; அது சொன்னது பிடிக்காமல் மறுநாள், உடம்பில் நீர் கூடினால் கொழுப்பு குறைவாகத் தெரியும் என்று யாரோ சொன்னதை நம்பி, சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்துவிட்டு ஏறினார்; அதற்கும் மறுநாள் சாக்ஸோடு ஏறினார். மெஷின் ஒன்றுமே காட்டவில்லை.

"பாத்தியா, கொழுப்பே இல்ல!"

ஜிம் பயிற்சியாளர் ஓர் இடுக்கியால் வயிற்று மடிப்பைக் கவ்விப் பார்த்தபோது, "எங்க பரம்பரைக்கே தோல் தடிமன்" என்றார். இதை மட்டும் மனைவி மறுக்கவில்லை.

மிச்சமிருந்தது டாக்டர் கேட்ட சாதாரண டேப் அளவு. மூச்சை இயல்பாக விட்டு, தொப்புளை ஒட்டிச் சுற்ற வேண்டும். நம்மவர் மூச்சை இழுத்து எங்கேயோ ஒளித்துவைத்தார். சிரிக்காதீர்கள், போட்டோவுக்கு நான் எப்படி நிற்கிறேன் என்று நினைக்கிறீர்கள்?

டாக்டரிடம் திரும்பப் போகும் நாள் காலையில், தன் கடைசிச் சாட்சியைப் பீரோவிலிருந்து எடுத்தார். கல்யாணப் பேன்ட். "எந்தக் கருவியும் வேணாம். அன்னிக்குப் போட்ட பேன்ட் இன்னிக்கும் எனக்குச் சரியா இருக்கு. அதுக்கு டாக்டர் என்ன சொல்லுவாரு?" வருஷத்துக்கு ஒருமுறை போட்டுப் பார்த்துப் பூரித்துப்போவது அவர் வழக்கம்.

இந்த முறை கொக்கி மாட்டவில்லை. இழுத்தார். குதித்தார். கட்டிலில் படுத்துப் பார்த்தார். கொக்கியும் வளையமும் அந்த அண்ணன் தம்பியைப்போல எட்டி நின்று முறைத்தன.

"துவைச்சதுல சுருங்கிப்போச்சு!"

"சுருங்கலீங்க. கழட்டிப் பின்பக்கம் திருப்பிப் பாருங்க" என்றாள் மனைவி.

திருப்பினார். நடுத்தையலின் இரண்டு பக்கமும் பழைய ஊசித் துளைகள், வரிவரியாக. எத்தனையோ வயலில் நகர்த்தப்பட்ட எல்லைக் கல்லைக் கண்டுபிடித்தவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

"வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாப் பிரிச்சு விட்டுக்கிட்டே வந்தேன். கண்ணாடி முன்னாடி நின்னு சந்தோஷப்படுவீங்க, அதப் பாக்க எனக்குப் பிடிக்கும்." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே தையலின் உள் ஓரத்தைத் தொட்டுக் காட்டினாள். "இனிமே விடறதுக்கு உள்ள துணி இல்லீங்க. அண்ணன நெனச்சா எனக்குச் சிரிப்பும் வரல."

அவர் அந்த ஊசித் துளைகளை ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்தார். வெட்கமாக இருந்தது. அவளை இத்தனை நாள் தனியாகப் பயப்பட விட்டோமே என்று வருத்தமாகவும் இருந்தது.

"என் சர்வீஸ்லயே நான் கோட்டை விட்ட கேசு நீ ஒருத்திதான்" என்றார். பிறகு, மூன்று மாதமாக இழுத்து வைத்திருந்த மூச்சை விட்டார். வயிறு தன் சொந்த இடத்துக்கு வந்து சேர்ந்தது.

"எடு டேப்ப. தொங்காமப் பிடி."

அவள் சுற்றினாள். அவரே குனிந்து எண்ணைப் படித்தார். "அடேயப்பா! இதுக்கு வேலி போடணும்னா ஒரு சுருள் கம்பி பத்தாது போலிருக்கே. டாக்டர்கிட்ட இதையே சொல்லு." அவளுக்கு அழுகையினூடே சிரிப்பு வந்துவிட்டது.

அது கிடக்கட்டும். இதைப் படித்துக்கொண்டிருக்கும் நீங்கள் எதற்கு மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள்? விடுங்கள், நானும் விட்டுவிடுகிறேன். என்ன, உங்கள் பழைய பேன்ட் இன்னும் உங்களுக்குச் சரியாக இருக்கிறதா? ரொம்ப சந்தோஷம். எதற்கும் ஒருமுறை பின்பக்கம் திருப்பிப் பார்த்துவிடுங்கள்.