பதினேழாம் நம்பர் மருமகள்

வெட்டுக்கத்தியைத் தலைக்கு மேல் ஓங்கிவிட்டுச் சுரேந்திரன் கண்ணையும் மூடிக்கொண்டான். அந்த நேரம் பார்த்து விசில் கேட்டது.

"ருக்கோ! ருக்கோ! நிறுத்து! யாரு அது?"

கத்தி அந்தரத்தில் நின்றது. எதிரே ஒரு வாழைமரம், புதுத் தாலியும் செவ்வந்தி மாலையுமாக நின்றது. பக்கத்தில் பட்டு வேட்டியில் அதன் புருஷன் யோகராஜா நின்றான்.

யோகராஜாவின் ஜாதகத்தில் இரண்டு தாரம். முதல் தாரம் தங்காது. அதனால் நாளைக் காலை திவ்யாவுக்குத் தாலி கட்டுவதற்கு முன்னால், இன்றைக்கே ஒரு வாழைக்குக் கட்டி, அதை வெட்டிச் சாய்த்துத் தலைமுழுகிவிட்டால் தோஷம் வாழையோடு போய்விடும் என்று ஏற்பாடு.

நடத்தி வைக்க வேண்டிய பூசாரி அழகையா, கண் ஆபரேஷனுக்காகத் தீவிலிருந்து கப்பலேறி மெயின்லேண்டுக்கு, சென்னைக்குப் போயிருந்தார். போகும்போது, "கட்டச் சொல்லு, வெட்டு, குளிக்கச் சொல்லு. இதுல பயப்பட என்னடா இருக்கு?" என்று மகனிடம் சொல்லிவிட்டுப் போனார்.

மகனுக்குப் பதினெட்டு வயது. தனியாக அவன் அதுவரை நடத்தியவை மூன்றே மூன்று. ஒரு டிங்கிப் படகு இஞ்சினுக்குப் பூஜை, ஒரு ஃப்ரிட்ஜுக்குப் பூஜை, ஒரு காதுகுத்து. காதுகுத்தில் குழந்தை அவனைக் கடித்துவிட்டது. அன்றிலிருந்தே கோயில் கமிட்டியில், மெயின்லேண்டிலிருந்து வேறு பூசாரியைக் கூட்டி வரலாம் என்று பேச்சு. பூசாரி மாறினால் கோயில் வீடும் போய்விடும். இந்தக் கல்யாணம் நின்றால் சென்னையிலிருந்து வரும் அப்பா, கட்டுப் போட்ட கண்ணோடு எங்கே போய் இறங்குவார்?

வாழைகளுக்கு இடையில் புகுந்து ஓடி வந்தவர் சர்க்கார் வாழைப்பண்ணை அதிகாரி மண்டல் சாப். ஒரு காலில் செருப்பு இல்லை. வலது கையில் சோறு ஒட்டியிருந்தது. பின்னால் காவல்காரர் மார்ட்டின் அந்தச் செருப்பை எடுத்துக்கொண்டு வந்தார்.

"இது சர்க்காரி மரம்! நம்பர் பதினேழு! மார்ச்சுல குலை வெட்டி, எடை போட்டு, ரிப்போர்ட் போகணும்! யாரு பர்மிஷன் குடுத்தான்?"

எல்லாரும் ராசம்மாவைப் பார்த்தார்கள். யோகராஜாவின் அம்மா. திவ்யாவின் தாய்மாமன் முனியாண்டியின் தோப்பில் நாற்பது வாழை இருந்தும் ஒன்றைக்கூட அவளுக்குப் பிடிக்கவில்லை. ஒன்று கூன், ஒன்று கறுப்பு, ஒன்று ரொம்ப உசரம். கடைசியில் பண்ணை வேலிக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்துத்தான், "இவதான். லட்சணமா இருக்கா" என்று கைகாட்டினாள். இடுப்பில் தகரச்சீட்டு தொங்கியதை யாரும் பொருட்படுத்தவில்லை. அப்போதுதான் பூ விட்டிருந்தது. சீட்டுக்கு மேலே ஒரு பழைய மஞ்சள் கயிறுகூட இருந்தது.

மண்டல் சாப் அப்போதுதான் தாலியைக் கவனித்தார். அவர் முகம் வெளுத்தது.

"இதுக்கு... இது யாரு கட்டினான்?"

யோகராஜா பள்ளிக்கூடப் பையனைப் போலக் கையைத் தூக்கினான். சாப் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீயா?" என்றார், கரகரத்த குரலில்.

"சாப், நான் ஒண்ணு சொல்லட்டா..." என்று மார்ட்டின் ஆரம்பித்தார்.

"சுப்! வாயை மூடு!"

கத்தியைப் பிடுங்கிக்கொண்டு எல்லாரையும் வேலிக்கு வெளியே விரட்டினார்.

ரோட்டில் நின்று ராசம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "போச்சு! தாலி கட்டியாச்சு, வெட்டல. இப்ப என் மகன் கல்யாணமானவன்!"

"வேற மரத்துக்குக் கட்டி அதை வெட்டிருவோம் அத்தே," என்றான் சுரேந்திரன்.

"அது ரெண்டாவது. அப்ப திவ்யா மூணாவதா? ஜாதகத்துல ரெண்டுதான்டா இருக்கு!"

சுரேந்திரன் அப்பாவுக்குப் போன் போட்டான்.

"வெட்ட விட மாட்டேங்கிறாங்கப்பா. பண்ணை மரம். பதினேழாம் நம்பர்."

அந்தப் பக்கம் அப்பா தொடையில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"ஊருல அத்தனை மரம் இருக்கே, போயும் போயும் அதுக்கா கட்டினீங்க?"

"ஏம்பா?"

"ஹலோ... ஹலோ... சிக்னல் இல்லை."

"நல்லா கேக்குதுப்பா."

"எனக்குக் கேக்கலை," என்று அப்பா வைத்துவிட்டார்.

முனியாண்டி முன்னால் வந்தார். மாயாபந்தர் கோர்ட்டில் இருபத்தேழு வருஷம் பியூன். "பதறாதீங்க. கல்யாணமே செல்லாதுன்னு சொல்லிட்டா முடிஞ்சுது. பொண்ணு மைனரா இருக்கணும், இல்ல புத்தி சரியில்லாதவளா இருக்கணும், இல்ல ஏற்கெனவே புருஷன் உள்ளவளா இருக்கணும். மரத்துக்கு வயசென்ன?"

"எட்டு மாசம்னு சீட்டுல போட்டிருக்கு," என்றான் யோகராஜா.

"மைனர்! கேஸ் ஜெயிச்சாச்சு!" முனியாண்டி கை தட்டினார். பிறகு முகம் சுருங்கியது. "ஆனா மைனருக்குக் கல்யாணம் பண்ணி வச்சா, நடத்தி வச்சவனை உள்ள தள்ளுவாங்களே."

எல்லாரும் சுரேந்திரனைப் பார்த்தார்கள். அவன் ஒரு அடி பின்னால் நகர்ந்தான்.

"மைனர் வேண்டாம் மாமா," என்றான்.

அடையாளத்துக்கு ஒரே ஒரு இலையை வெட்டிவிட்டுச் சடங்கை முடிப்போம் என்று அவனே யோசனை சொன்னான். முனியாண்டியின் அரிவாளோடு வேலிக்குள் தவழ்ந்து போய், கீழ் இலை ஒன்றை அறுத்துக்கொண்டு ஓடி வந்தான்.

ராசம்மா இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "முடி வெட்டினா ஆள் செத்துருமா?"

உள்ளேயிருந்து அலறல் கேட்டது. "பத்துதான் இருக்கு! காலையில பதினொண்ணு இருந்துச்சு! எந்தப் பாவி?"

இலையை எண்ணி வைத்திருக்கும் அதிகாரியை யாரும் அதுவரை பார்த்ததில்லை.

அடுத்து ஆடு. பக்கத்து வீட்டு ஆட்டை வேலி இடுக்கில் விட்டால், அது தின்றதற்கு யார் மேலும் பழி வராது. ஆடு உள்ளே போனது. செவ்வந்தி மாலையைத் தின்றது. மரத்தை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, யோகராஜாவின் பட்டு வேட்டி ஓரத்தைத் தின்றது.

"சம்சாரத்தை விட்டுட்டுப் புருஷனைத் தின்னுது பாரு," என்றார் முனியாண்டி. ராசம்மா ஆட்டையும் அவரையும் சேர்த்துத் திட்டினாள்.

நாலு மணி ஆயிற்று. திக்லிபூரிலிருந்து சொந்தக்காரர்கள் பஸ்ஸில் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். வருகிறவர்களெல்லாம் யோகராஜாவிடம், "வீட்டுக்காரம்மா எப்படி இருக்காங்க?" என்று விசாரித்தார்கள். யாரோ ஒரு பொடியன் வேலியோரம் நின்று மரத்துக்கு, "அண்ணி, வணக்கம்!" என்று கத்தினான்.

சுரேந்திரன் கடைசியாக ஒருமுறை தனியாகப் பண்ணைக்குள் போனான். மண்டல் சாப் பதினேழாம் நம்பருக்கு மூங்கில் முட்டுக் கொடுத்து, இலை அறுத்த இடத்தில் மஞ்சள் தடவிக்கொண்டிருந்தார். யோகராஜா கட்டிய புதுத் தாலி, அறுபட்டுத் தரையில் கிடந்தது.

அவன் நெடுஞ்சாண்கிடையாகக் காலில் விழுந்தான். "சாப், என் அப்பா வேலை போயிரும் சாப். வீடு போயிரும். வேற நூறு கன்னு நட்டுத் தர்றேன். எல்லாம் உங்க கையிலதான் இருக்கு."

"நூறா?" சாப் திரும்பினார். அவர் கண் கலங்கியிருந்தது. "இன்னொருத்தன் ஆசைப்பட்டான்னு, நூறு இருக்குன்னு, இதை வெட்டுவேனா? ஷரம் நஹி ஆத்தி? வெக்கமா இல்ல?"

அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு குவார்ட்டர்சுக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

சுரேந்திரன் வெளியே வந்து ரோட்டோர மதகுச் சுவர்மேல் உட்கார்ந்தான். போன் அடித்தது. திவ்யா.

"தம்பி, யாரும் எனக்கு நேரா பதில் சொல்ல மாட்டேங்கிறாங்க. நீ சொல்லு. ஒரு வாழைமரம் சாகட்டும்னு மார்ச்சு வரைக்கும் நான் கையில மருதாணியோட உக்காந்திருக்கணுமா?"

"அக்கா..."

"மூணு வருஷமா அந்த ஆளுக்காகக் காத்திருக்கேன். சக்களத்தின்னு ஒருத்தி வந்தாலும், பொம்பளையா வருவான்னுதானே நினைச்சேன்?"

சுரேந்திரன் எழுந்து நின்றான். இனி மறைத்துப் பயனில்லை. மத்தவங்களுக்குத் தெரியறதுக்கு முன்னாடி அக்காவுக்குச் சொல்லிவிட வேண்டியதுதான்.

"அக்கா, என்னை மன்னிச்சிருங்க. நாளைக்குக் கல்யாணம்..."

ஒரு கை வந்து போனைப் பொத்தியது. மார்ட்டின். குவார்ட்டர்ஸ் கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டு, அவர் அவன் காதோரம் குனிந்தார்.

"சொல்ல வந்தா எவன் விடுறான்? உங்காளு கட்டுன தாலி செல்லாது தம்பி, போயி வேற மரத்துக்குக் கட்டிட்டு வெட்டச் சொல்லு. கார்த்திகை மாசமே இதே மாதிரி தோஷம் கழிக்க அதுக்கு உங்கப்பா கல்யாணம் பண்ணி வச்சுட்டாரு, வெட்டுற நேரத்துல மாப்பிள்ளை கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுததுல அப்படியே விட்டுட்டுப் போயிட்டாரு. அது எங்க மண்டல் சாப் சம்சாரம்."