அடிக்கலர் பாய்

உலகத்து மனிதர்கள் எல்லாம் கறுப்பு, சிவப்பு, மாநிறம் என்று மூன்றே நிறத்தில் இருப்பதாக நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். அப்படி ஒரு நிறமே கிடையாது என்று சாதித்து, அதற்காகச் சொந்த வியாபாரத்தையே கெடுத்துக்கொண்ட ஒரே மனிதர் எனக்குத் தெரிந்து அடிக்கலர் பாய்தான். பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு சேலைக்கடைக்கும் பாத்திரக்கடைக்கும் நடுவே அவருடைய எட்டடிக் கடை. ரவிக்கைத் துணி, லைனிங், ஃபால்ஸ், நூல்கண்டு, மேல் தட்டில் கொஞ்சம் சேலை. பெயர்ப்பலகையில் ஏதோ ஒரு பெயர் இருந்தது. லாரிப் புகையில் அது கறுத்துப்போய் வருஷக்கணக்காகிறது. அந்தப் பெயரைச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டதாக நினைவில்லை.

பாயின் சித்தாந்தம் எளிமையானது. தோலுக்கு மேலே தெரிவது கணக்கில் சேராது. அடியில் ஒரு நிறம் ஓடுகிறது, அதுதான் ஆளுடைய நிஜ நிறம். மணிக்கட்டின் உள்பக்க நரம்பு பச்சையாகத் தெரிந்தால் அடிக்கலர் தங்கம். நீலமாகத் தெரிந்தால் வெள்ளி. தங்கக்காரர்கள் மஞ்சளும் செங்கல் சிவப்பும் இலைப்பச்சையும் கட்டலாம். வெள்ளிக்காரர்களுக்கு நீலம், ரோஸ், கத்திரிப்பூ. மாற்றிக் கட்டினால் என்ன ஆகும் என்று கேட்டால், "மூஞ்சி செத்துடும்மா" என்பார், ஏதோ நேரில் பார்த்துவிட்டு வந்தவர் போல. இதையெல்லாம் இன்றைக்குப் பெண்பிள்ளைகள் செல்போனில் பார்த்துத் தெரிந்துகொள்கிறார்கள். பாய்க்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று ஒருமுறை கேட்டேன். "கண்ணு" என்றார்.

டியூப் லைட்டை அவர் ஜென்ம விரோதியாகப் பாவித்தார். "டூப் லைட்டு புளுகும், சூரியன் புளுகாது" என்று சொல்லி, வாடிக்கையாளர் யாராக இருந்தாலும் தெருவில் இறக்கிவிடுவார். மூட்டை ஏற்றிய மீன்பாடி வண்டியும் ஆட்டோவும் ஹாரன் அடித்துக்கொண்டிருக்க, நடுரோட்டில் ஒரு பெண் கையைத் திருப்பிக் காட்டிக்கொண்டு நிற்பாள். பாய் தொட மாட்டார். அரை கஜம் தள்ளி நின்று மீட்டர் ஸ்கேலின் நுனியால் நரம்பைச் சுட்டுவார். எண்ணூர், அத்திப்பட்டு அனல்மின் நிலையங்களின் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்குக் கூடுதல் மரியாதை உண்டு. கடை வாசலில் ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் வைத்திருந்தார். "மொதல்ல கையக் கழுவு. நான் உன் கலரைப் பாக்கணும், கரண்ட் ஆபீஸ் சாம்பலை இல்ல."

காசிமேட்டு மீன்காரம்மா ஒருத்தி அவரோடு போட்ட சண்டையை நான் கூடவே நின்று பார்த்தேன்.

"லைட்டு கலர்ல எதனா குடு பாய். நான் கறுப்பா கீறேன்ல."

"யாரு சொன்னா நீ கறுப்புன்னு?"

"இன்னாயா நக்கலா? எங்க வூட்லயும் கண்ணாடி கீதுயா."

"கண்ணாடி மேலதான் காட்டும். கையத் திருப்பு."

திருப்பினாள். தங்கம். செங்கல் சிவப்பில் ஒரு துண்டை எடுத்து அவள் மடியில் போட்டார். "இத்தப் போட்டா எங்க ஏரியாவே சிரிக்கும்" என்று திட்டிக்கொண்டே போனவள், அடுத்த வாரம் ஒரு பை நிறைய வஞ்சிரத்துண்டோடு வந்தாள். "நான் போய் நின்னதும் ஏலத்துல கூட்டம் வழி வுட்டுச்சு பாய்! ஒருத்தன் எந்திரிச்சி நின்னுட்டான்!" அதன் பிறகு காசிமேட்டுப் பெண்கள் பாதிப் பேருக்கு பாய்தான் நிறம் தீர்மானித்தார்.

அத்திப்பட்டிலிருந்து கல்யாணத்துக்குச் சட்டைத்துணிக்கு மேட்சிங் தேடி வந்த மாப்பிள்ளைப் பையன் ஒருவனை, கையைக்கூடப் பார்க்காமல் முகத்தைப் பார்த்தே திருப்பி அனுப்பினார். "உனக்குத் துணி வாணாம் நைனா. டாக்டரைப் பாரு." கூட வந்த பெண்வீட்டார், நிச்சயம் பண்ணின பையனைப் பார்த்து இது என்ன பேச்சு என்று கடையையே இரண்டாக்கினார்கள். மூன்றாம் நாள் தெரிந்தது, பையனுக்கு மஞ்சள் காமாலை. கல்யாணம் ஒரு மாதம் தள்ளிப்போனது. பையனின் அம்மா இனிப்போடு வந்து கைகூப்பினாள். அன்றைக்கு பாய் என்னிடம் சொன்னது இது: "தங்கம் வேற, காமாலை வேற. தங்கம் உள்ளர்ந்து வரும். காமாலை வெளியேர்ந்து வந்து உக்காரும். பாத்தாத் தெரிஞ்சிடும்மா."

நான் வெள்ளிக்காரி. ராயபுரத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் குமாஸ்தா வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து, திருவொற்றியூர் பஸ் பிடிக்கும் முன் பாய் கடையில் கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவது என் பழக்கம். எனக்கு ஆசை மாம்பழ மஞ்சள் மேல். நல்லது கெட்டதுக்கெல்லாம் பாய் எனக்கு நீலத்தைத்தான் எடுத்துப் போடுவார். மஞ்சளைக் கையில் எடுத்தாலே வெடுக்கென்று பிடுங்கி மேல் தட்டில் வைத்துவிடுவார். இருபது வருஷம் இப்படியே போனது. துறைமுகத்துக் கடலில்கூட அத்தனை நீலம் கிடையாது, என் பீரோவில் இருந்தது.

என்னைப் போலவே மாட்டிக்கொண்ட இன்னொரு வெள்ளிக்காரி, பாயின் மனைவி. பாயம்மா என்போம். மாடியிலேயே வீடு, மதியச் சாப்பாட்டை பாயம்மாவே தூக்குவாளியில் இறக்கிக்கொண்டு வருவார். "எனக்கு நிக்காஹ் ஆன நாள்லர்ந்து ரோஸ்தான்மா. ரேசன் கடை கணக்கா ஒரே அயிட்டம்" என்று என்னிடம் முறையிடுவார். பாய் தலை நிமிராமல், "அவ அடிக்கலர நான் பாக்கவே வாணாம், மனப்பாடம்" என்பார். அப்போது பாயம்மா முகத்தில் வரும் ரோஸ், பாய் விற்ற எந்தத் துணியிலும் இல்லை. முழங்கால் வலி வந்த பிறகு பாயம்மா மாடிப்படி இறங்குவது நின்றுபோனது. பாயே மேலே போய்ச் சாப்பிட்டு வந்தார்.

அதற்குப் பிறகு ஒரு நாள் சும்மா உட்கார்ந்திருந்த என்னை பாய் தெருவுக்கு அழைத்தார். கையைத் திருப்பச் சொன்னார். ஸ்கேல் நுனி வெகுநேரம் நரம்பின் மேலேயே நின்றது. "உனுக்குத் தங்கம்மா" என்றார். "இத்தினி நாளு எப்பிடி வுட்டேன்னு தெரியல." மேல் தட்டிலிருந்து மாம்பழ மஞ்சள் சேலையைத் தானே எடுத்துக் கொடுத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அதே கையோடு, என்னிடமிருந்த நீலச் சேலைக்கு ஃபால்ஸ் தைக்க நூல்கண்டு கேட்டேன். கொடுத்தார். பஸ்ஸில் பிரித்துப் பார்த்தால் பச்சை நூல்.

அங்கேயே இறங்கித் திரும்பிப் போயிருக்க வேண்டும். நூல் விஷயத்தில் தப்பே பண்ணாத மனிதர் பச்சை நூலைக் கொடுக்கிறார் என்றால் கண்ணில் ஏதோ கோளாறு என்பது எனக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. ஆனால் கண் கோளாறு என்றால் தங்கமும் கோளாறு. மஞ்சள் போய்விடும். நான் வாயை மூடிக்கொண்டேன். அந்த அற்பக் காரியத்தை இன்றைக்கு எழுதும்போதும் கூசுகிறது.

அந்த வருஷம் வடசென்னையே தங்கமாயிற்று. தண்டையார்பேட்டையிலிருந்து எர்ணாவூர் வரை எந்தக் கல்யாண மண்டபத்துக்குப் போனாலும் ஒரே மஞ்சள், ஒரே செங்கல். "இன்னா பாய், ஊரு மொத்தமும் தங்கமா? அடகுக்கடைக்காரனுக்குத் தெரிஞ்சா பேஜாராப்பூடும்" என்று மீன்காரம்மா கிண்டல் செய்தாள். எல்லோரும் சிரித்தோம். பாயும் சிரித்தார். யாருக்கும் அவரைக் கைபிடித்துக் கண் டாக்டரிடம் கூட்டிப்போகத் தோன்றவில்லை.

ரம்ஜான் அன்று மாம்பழ மஞ்சளைக் கட்டிக்கொண்டு பாய் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்த பாயம்மாவும் மஞ்சள் சேலையில் நின்றார். "எனக்கும் வுடுதல ஆயிடுச்சும்மா! மனசு எறங்கி மஞ்சா எடுத்துக் குடுத்துட்டாரு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். முகம், கழுத்து, கை எல்லாம் மஞ்சளாகத் தெரிந்தது. சேலையின் சாயல் என்று நினைத்தேன். ஆள் இளைத்திருந்தார், கண்ணும் சோர்ந்திருந்தது. ஒரு மாதம் நோன்பிருந்த களைப்பு என்று நினைத்தேன். பாய் பக்கத்தில் நின்றுகொண்டு, "பாத்தியா, எப்பிடித் தகதகன்னு கீறா" என்றார். அவ்வளவு பெருமை அந்த முகத்தில்.

மூன்று வாரம் கழித்து, ஆம்பூரில் கட்டிக்கொடுத்திருந்த அவர்கள் மகள் வந்தாள். அன்றைக்கு பாயம்மா பழைய ரோஸ் சேலையில் இருந்தாராம். கதவைத் திறந்ததும் மகள் போட்ட சத்தம் கடை வரைக்கும் கேட்டது. "அத்தா! அம்மா கண்ணு மஞ்சளா கீது, நீ பாக்கலியா?" ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். உள்ளே கட்டி, அது பித்தம் போகும் வழியை அடைத்திருந்தது. கொஞ்சம் முன்னாலேயே வந்திருக்கலாம் என்று மட்டும் டாக்டர் சொன்னார். பாய் அதை ஒப்புக்கொள்ளவே இல்லை. "அவ எப்பவும் போலத்தான்மா இருந்தா. நான் தினம் பாக்கறேன், எனக்குத் தெரியாதா?" என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். நாற்பது நாளில் பாயம்மா போய்விட்டார்.

அன்று மதியம் நான் மாடியில் ஜன்னலோரம் பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். வாசலில் கஃபன் துணி வந்து இறங்கியது, இறந்தவரைப் போர்த்துகிற வெள்ளைத் துணி. பாய் அதைப் பழக்க தோஷத்தில் தெருவுக்கு எடுத்துப்போய் வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

"இன்னாப்பா இது, மஞ்சளா கீது? வெள்ளை குடு."

வேறொன்று வந்தது. அதையும் பிடித்துப் பார்த்தார். "இதுவும் மஞ்சா."

மூன்றாவதும் வந்தது. துணி கொண்டுவந்தவர் தயங்கி, "பாய், வெள்ளைதான் பாய்" என்றார். பாய் சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். தன் வெள்ளைச் சட்டையின் கையைப் பார்த்தார், எதிர்ச்சுவரின் சுண்ணாம்பைப் பார்த்தார். பிறகு அந்தத் துணியோடு நடுரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். "அப்போ எனக்கு எல்லாமே மஞ்சளா?" என்று கேட்டார். "அவ மஞ்சளானது அதான் எனக்குத் தெரியலியா?" வண்டிகள் நின்றன. ஹாரன் அடிக்கவில்லை யாரும்.

இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருந்தது. மகள் பிடிவாதமாக இருந்து ஆபரேஷன் பண்ணிவைத்தாள். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பாய் கடையில் உட்கார்ந்த முதல் நாள், போகிற வருகிறவர்களை எல்லாம் கூப்பிட்டு, அந்த வருஷம் வாங்கிய துணியைக் கொண்டுவந்து மாற்றிக்கொள்ளச் சொன்னார். மீன்காரம்மா மூக்கைச் சிந்திக்கொண்டே, "வுடு பாய், மெய்யாலுமே நல்லாதான் கீது" என்று சொல்லிவிட்டுப் போனாள். என்னைத் தெருவுக்கு அழைத்தார். கையைத் திருப்பினேன்.

"நீலம்மா. எப்பவும் நீலந்தான். தப்பாச் சொல்லிட்டேன்."

நான் கையை எடுக்கவில்லை. அவரும் ஸ்கேலை எடுக்கவில்லை.

"ரம்ஜானுக்கு வந்தியேம்மா. உனக்கு நல்ல கண்ணு. அவ அன்னிக்கே மஞ்சளா இருந்தாளா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வரவில்லை. "இருந்தாங்க பாய். சேலை சாயல்னு நெனச்சிட்டேன்" என்றேன். நூல்கண்டு விஷயத்தையும் சொன்னேன். "உங்க கண்ணு சரியில்லன்னு எனக்கு அன்னிக்கே தெரியும் பாய். மஞ்சள் போயிடுமேன்னு சும்மா இருந்துட்டேன்." சொல்லிவிட்டு அழுதேன், அந்த நடுரோட்டில்.

அவர் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் கடைக்குள் போய் நூல் டப்பாவைத் துழாவினார். வெளிச்சத்தில் ஒன்றைப் பிடித்துப் பார்த்து, இன்னொன்றை எடுத்து, அதையும் பார்த்து, நீல நூல்கண்டு ஒன்றை என் கையில் வைத்தார். "பச்சைய எடுத்துட்டு இத்த வச்சித் தெச்சிக்கம்மா" என்றார்.

மாம்பழ மஞ்சளை மட்டும் நான் திருப்பித் தரவில்லை. அது எனக்குச் சேரவில்லை என்பது கண்ணாடியில் எனக்கே தெரிகிறது. பாய் சொன்னது போல முகம் செத்துத்தான் போகிறது. வருஷம் தவறாமல் ரம்ஜானுக்கு அதைக் கட்டிக்கொண்டு அந்த மாடிப்படி ஏறுகிறேன். பாய் கதவைத் திறந்து, ஆபரேஷன் பண்ணின அந்த நல்ல கண்ணால் என்னை மேலும் கீழும் பார்க்கிறார். "நல்லா கீதும்மா" என்கிறார். துணி விஷயத்தில் பாய் தெரிந்தே சொல்லும் ஒரே பொய் அதுதான். அதைக் கேட்கத்தான் கட்டிக்கொண்டு போகிறேன்.