ராயப்பன் வீட்டு ஆன்டெனா

இனி ஞாயிற்றுக்கிழமைகளில் செல்போனைத் தொடுவதில்லை என்று ராயப்பன் மாதா படத்துக்கு முன்னால் நின்று சத்தியம் செய்தார். கை மெழுகுவத்திக்கு மேலே இருந்தது. மனசு மட்டும் சட்டைப் பையில், அந்தச் செல்போனோடு இருந்தது.

அது தொண்ணூற்றெட்டாம் வருஷம். பருத்திப்பட்டு ஏரிக்குப் பக்கத்தில் அவர் குடியிருந்த தெருவில் செல்போன் வைத்திருந்த ஒரே ஆள் ராயப்பன்தான். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு நட்டு போல்ட்டு கம்பெனி. அதில் சரக்கு அனுப்பும் பிரிவுக்கு அவர் சூப்பர்வைசர். எந்த லாரி எங்கே நிற்கிறது என்று நினைத்த நேரத்தில் கேட்பதற்காக மேனேஜர் நாகேந்திரன் அதை அவர் கையில் கொடுத்திருந்தார். அரைச் செங்கல் அளவு, முழுச் செங்கல் கனம், தலையில் ஒரு குட்டைக் கொம்பு. வந்த அன்றைக்கே ராயப்பன் நம்பரைக் கொட்டை எழுத்தில் இருபது சீட்டில் எழுதி, பால்காரர் முதல் இஸ்திரி வண்டிக்காரர் வரை தெரு முழுக்க விநியோகம் செய்தார். யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட அவர்களிடம் போன் வேண்டுமே! தெருவில் போன் இருந்தது பக்கத்து வீட்டுப் புஷ்பாவிடம் மட்டும்தான். அவள் புருஷன் டெலிபோன் லைன்மேன்.

செல் என்றால் தமிழில் போ என்று அர்த்தம். அந்தச் செல் வந்ததிலிருந்து ராயப்பன் வீட்டில் தங்கியதே இல்லை. ஒரு கவளம் வாய்க்குள் போவதற்குள் மணி அடிக்கும். சிக்னல் தேடிக்கொண்டு வாசலுக்கு ஓடுவார், தெருமுனைக்கு ஓடுவார், ஏரிக்கரைக்கே ஓடுவார்.

பிப்ரவரியில் ஒரு நாள் இப்படி ஓடிவிட்டு வந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். ஆட்டோவில் போட்டு ஆவடிக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு, "வெறும் வாயுதான். ஆனா உக்காந்தே வேலை பாக்கறீங்க, ஓயாம கவலைப்படறீங்க. ரெண்டையும் கொறைங்க. ஞாயித்துக்கிழமையாவது போனை மறந்துட்டு ஒடம்பை அசைங்க" என்றார். அந்த இரண்டு மணி நேரம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி லூர்தம்மாள் செபமாலையை உருட்டிய உருட்டில் சங்கிலியே அறுந்துபோயிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் லூர்தம்மாள் செல்போனோடு வந்த புத்தகத்தை எடுத்து மகளிடம் நீட்டினாள். தெரசா பிளஸ் டூ. இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"விமானத்துல அணைச்சு வெக்கணும். பெட்ரோல் பங்க்ல பேசக் கூடாது. நெஞ்சுக்குள்ள மிஷின் வெச்சவங்க சட்டைப் பைல வெக்கக் கூடாது."

"கேட்டீங்களா? சட்டைப் பைல வெக்கக் கூடாதாம்!"

"அது மிஷின் வெச்சவனுக்கு, லூர்து. எனக்கு மிஷினே இல்லியே."

"மிஷினு வெச்சவனுக்கே அந்த கதின்னா, ஒன்னுமே இல்லாதவருக்கு இன்னா கதி?"

 இதற்கு உலகத்தில் யாரிடமும் பதில் இருந்திருக்காது.

"அதுலேர்ந்து அலை வருதாமே?"

"வரும்தான். கண்ணுக்குத் தெரியாது."

"தெரியாம இன்னா? அது வந்ததுலேர்ந்து நீங்கதான் அலையறீங்க. எனக்கு நல்லாவே தெரியுது."

"மேனேஜர் கூப்புட்டா எடுக்காம இருக்க முடியுமா?"

"ஆறு நாள்ல ஒலகத்தப் படைச்சிட்டு ஏழாம் நாளு ஆண்டவரே ஓய்வெடுத்தாரு. உங்க மேனேஜரு அவருக்கும் மேலயா?"

அதற்குப் பிறகுதான் அந்தச் சத்தியம்.

முதல் ஞாயிறு. பூசை முடிந்து வந்ததும் ராயப்பன் போனைப் பீரோவுக்குள் வைப்பதுபோல வைத்து, லூர்தம்மாள் அந்தப் பக்கம் போனதும் எடுத்துவிட்டார். மணிச் சத்தத்தை அடைத்தார். லுங்கிக்கு மேல் கட்டும் பச்சை பெல்ட்டின் பைக்குள் அதைச் செருகி, மேலே பனியனை இழுத்துவிட்டுக்கொண்டார். அவரைக் குற்றம் சொல்லியும் பயனில்லை. இருபத்திரண்டு வருஷ வேலையில் ஞாயிற்றுக்கிழமையும் தன்னைத் தேட ஒரு ஆள் இருக்கிறார் என்பது அவருக்கு இப்போதுதான் வாய்த்திருந்தது. ராயப்பன் எடுக்காவிட்டால் அம்பத்தூர் நின்றுவிடும் என்று அவர் மனதார நம்பினார்.

ஆனால் மணி அடிக்காத போனில் ஆள் கூப்பிடுவது எப்படித் தெரியும்? ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் பாத்ரூமுக்குப் போய்ப் பார்த்தார். ஆறாவது தரம் வெளியே வந்தபோது, லூர்தம்மாள் கதவருகில் இஞ்சிக் கஷாயத்தோடு நின்றாள்.

"வயிறு சரியில்லியே உங்களுக்கு. ஒரே மடக்கா குடிங்க."

குடித்தார். கண்ணில் நீர் வந்தது. அப்போதுதான் கூடத்தில் ஓடிக்கொண்டிருந்த டி.வி. அவருக்குக் கை கொடுத்தது.

"டுட்டுடு... டுட்டுடு... டுர்ர்ர்ர்" என்றது. படம் நடுங்கியது.

ராயப்பன் பெல்ட்டுப் பையைத் தொட்டுப் பார்த்தார். பனியனைத் தூக்கி மெல்ல எட்டிப் பார்த்தார். போன் திரை பச்சையாக மின்னியது. போனின் வாயை அடைத்தால் அது டி.வி.யின் வாயால் பேசுகிறது!

"ஆன்டெனா திரும்பிக்கிச்சி!" என்று கத்திக்கொண்டு மாடிப்படி ஏறினார். மொட்டை மாடியின் வடக்கு மூலையில் சிக்னல் பிரமாதமாக இருந்தது. "சொல்லுங்க சார். திருவள்ளூர் லாரியா சார்? கெளம்பிடிச்சி சார்." ஒரு கையால் ஆன்டெனாக் குழாயைப் பிடித்துக்கொண்டார், யாராவது பார்த்தால் சாட்சிக்கு. தெரசா பிளஸ் டூ முடிக்கிற வரைக்கும் கேபிள் கிடையாது என்று லூர்தம்மாள் போட்ட சட்டம் இப்படி ஒரு விதத்தில் உதவும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

நான்கு ஞாயிறு நன்றாக ஓடியது.

"அது இன்னாங்க, அப்பப்ப ஆன்டெனா திரும்பிக்குது?"

"காக்கா வந்து உக்காருது, லூர்து."

"ஞாயித்துக்கெழம மட்டுமா வருது?"

"மத்த நாள்ல அதுக்கு வேற எடத்துல வேலை இருக்கும்."

"இன்னாது, அம்பத்தூர் எஸ்டேட்லயா?"

ராயப்பனுக்குக் காப்பி புரையேறியது. லூர்தம்மாள் அவர் தலையில் தட்டிக்கொடுத்து, "கரையான்சாவடிலேர்ந்து டி.வி. மெக்கானிக்கு துலுக்கானத்த வரச் சொல்லட்டுமா?" என்று கேட்டாள்.

"ஐயையோ, வேணாம்! நான் ஒருத்தன் கீறேனே, நானே பாத்துக்கறேன்."

"சரி, நீங்களே பாத்துக்குங்க" என்றாள். அவள் இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டது இருபது வருஷக் குடித்தனத்தில் இதுதான் முதல் தடவை. ராயப்பன் அதைக் கவனித்திருக்க வேண்டும்.

ஐந்தாவது ஞாயிறு. தெரசா டியூஷன் போயிருந்தாள். "கறிவேப்பில இல்ல, புஷ்பா ஊட்ல வாங்கினு வரேன்" என்று லூர்தம்மாள் கிளம்பினாள். அவள் போய் ஒரு நிமிஷம் ஆகவில்லை.

"டுட்டுடு... டுட்டுடு..."

ராயப்பன் மாடிக்குப் பறந்தார். "அலோ... சார்... அலோ!" பதில் இல்லை. டொக்கென்று அறுந்துவிட்டது. யார் என்று நம்பர் காட்டும் வசதி அந்தப் போனில் கிடையாது. அதற்குத் தனியாகக் கட்ட வேண்டும் என்று கம்பெனி வேண்டாமென்றுவிட்டது.

கீழே கொல்லைப்புறத்திலிருந்து குரல் வந்தது. "தெரசாப்பா! மேலயா கீறீங்க?"

"ஆன்டெனா, லூர்து!"

"ஏறினது ஏறிட்டீங்க, காயப்போட்ட மொளகாய அப்டியே திருப்பிப் போட்டுட்டு வந்துடுங்க."

இரண்டு பாய் நிறைய மிளகாய். திருப்பிப் போட்டுவிட்டுப் பதினேழு தும்மலோடு இறங்கினார். நாற்காலியில் சாய்ந்தார். கறிவேப்பிலையை வைத்துவிட்டு, "அட, கொத்தமல்லி மறந்துட்டேன்" என்று லூர்தம்மாள் மறுபடி போனாள்.

"டுட்டுடு... டுர்ர்ர்ர்..."

ஓட்டம். "அலோ! சார்!" டொக்.

"மேலதான் கீறீங்களா? கொடில போர்வ காஞ்சிருக்கும். மடிச்சி எடுத்துகினு வாங்க."

ஆறு போர்வை. எல்லாம் இரட்டைக் கட்டில் போர்வை. ஒற்றை ஆளாக மடித்தார். காற்று ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு அவரோடு மல்லுக்கட்டியது.

மூன்றாவது தடவை லூர்தம்மாள் பச்சை மிளகாய்க்குப் போனாள். டி.வி. கனைத்தது. ராயப்பன் ஏறினார். டொக். "தண்ணித் தொட்டி பாசி பிடிச்சிக் கெடக்குது, தெரசாப்பா! பிரஷ்ஷு தொட்டிக்குப் பின்னாலயே வெச்சிக்கீறேன்!"

தொட்டிக்குள் இறங்கி முழங்கால் தண்ணீரில் தேய்த்துக்கொண்டே ராயப்பன் யோசித்தார். மூன்று முறை கூப்பிட்டுப் பேசாமல் வைக்கிறார் என்றால் மேனேஜர் பயங்கரக் கோபத்தில் இருக்கிறார். லாரி கவிழ்ந்திருக்கும். குமணன்சாவடி முனையில் நட்டும் போல்ட்டும் ரோடு முழுக்கச் சிதறி, போகிற வருகிற டயரெல்லாம் குத்திக்கொண்டு நிற்கும். வேலை போய்விடும். தெரசா படிப்பு என்ன ஆவது?  பிரஷ்ஷைப் போட்டுவிட்டு, ஈரக் கையைப் பனியனில் துடைத்து, அவரே மேனேஜரைக் கூப்பிட்டார்.

வெகுநேரம் மணி அடித்த பிறகு ஒரு தூக்கக் குரல் வந்தது. "யாரு?"

"சார், ராயப்பன் சார். மன்னிச்சிடுங்க சார். கட் ஆயிட்டே இருந்துச்சு. லாரில யாருக்கும் அடி இல்லியே சார்?"

"எந்த லாரி? ஞாயித்துக்கிழமை மத்தியானம் மனுஷனைத் தூங்க விடமாட்டியாய்யா? நான் உன்னைக் கூப்பிடவே இல்லியே! உனக்கு வீடு வாசல் இல்லியா?"

வைத்துவிட்டார். ராயப்பன் தொட்டிக்குள் நின்றபடி போனையே பார்த்தார். அம்பத்தூர் பாட்டுக்கு அம்பத்தூர் தூங்கிக்கொண்டிருக்கிறது. அப்படியானால் கூப்பிட்டது யார்?

கையிலிருந்த திரை பச்சையாக மின்னியது. அமுக்கிக் காதில் வைத்தார்.

"அலோ?"

"தொட்டி கழுவியாச்சா?"

 ராயப்பன் தொட்டி விளிம்புக்கு மேலே தலையை நீட்டிப் பார்த்தார். இருபதடி தூரத்தில் புஷ்பா வீட்டு ஜன்னல். உள்ளே, கறுப்பு ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு லூர்தம்மாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் புருஷனும் பெண்டாட்டியும் டெலிபோனில் பேசினார்கள்.

"லூர்து... நீயா?"

"நாலு வாட்டியும் நான்தான். நம்பரத்தான் தெருவுக்கே எழுதிக் குடுத்துக்கீறீங்களே."

"ஒனக்கு எப்டித் தெரிஞ்சிது?"

"புதன்கெழம துலுக்கானத்த வரச் சொன்னேன். ஆன்டெனாவ ஆட்டிப் பாத்துட்டு, 'யக்கா, இதுல ஒரு கோளாறும் இல்ல, ஊட்ல செல்லு கீதா'ன்னு கேட்டான். மணி அடிக்கிறதுக்கு முன்னாடியே அது டவரோட பேசுமாம். அந்த அலை பக்கத்துல கீற டி.வி., ரேடியோ எல்லாத்துலயும் பூந்து கத்துமாம். இந்தப் பக்கம் டவரு தூரங்கறதால இன்னும் பலமா கத்துமாம். கடைல அவன் தெனம் பாக்கறானாம்."

ராயப்பன் பனியனை இழுத்துப் பெல்ட்டை மூடிக்கொண்டார். 

"கேட்டதும் எனக்கு அழுகையா வந்துச்சி" என்றாள் லூர்தம்மாள். குரல் இறங்கியிருந்தது. "அன்னிக்கி அந்த ஆஸ்பத்திரி பெஞ்சில நான் இன்னா பாடு பட்டேன்னு உங்களுக்குத் தெரியாது. மாதாவுக்கு முன்னால சத்தியம் பண்ணிட்டு, பெல்ட்டுக்குள்ள வெச்சிகினு திரியறீங்களே, இந்த மனுசன் என்னிய ஏமாத்தினா பரவால்ல, அவரையே ஏமாத்திக்கறாரேன்னு... இந்தப் புஷ்பாதான் சொன்னா, 'ஏங்க்கா அழுவுற? டாக்டரு ஒடம்ப அசைக்கச் சொன்னாருல்ல? போனு போட்டு அசைய வையி'ன்னு."

ஜன்னலில் புஷ்பாவின் பாதி முகம் தெரிந்து மறைந்தது.

ராயப்பன் தன்னையே குனிந்து பார்த்துக்கொண்டார். மூன்று தடவை மாடி ஏறி, மிளகாய் புரட்டி, போர்வை மடித்து, தொட்டி கழுவியாகிவிட்டது. மாதக்கணக்கில் இல்லாத பசி வயிற்றைக் கிள்ளியது. நெஞ்சு என்று ஒன்று இருப்பதே இப்போது தெரியவில்லை.

"தப்புதான், லூர்து" என்றார். "இனிமே ஞாயித்துக்கெழம நெசமாவே தொடமாட்டேன். நீயே வாங்கிப் பூட்டி வெச்சுக்கோ."

"மொதல்ல காதுலேர்ந்து எடுங்க. ரொம்ப நேரம் அழுத்தி வெச்சிகினு பேசக் கூடாதாம், துலுக்கானம் சொன்னான். காது சுடுதா?"

"லேசா."

"எடுத்துட்டு, கை கால் கழுவிட்டு எறங்கி வாங்க. வஞ்சிரம் வறுத்து வெச்சிக்கீறேன்."

ராயப்பனுக்குக் கண் கலங்கியது. இந்த முறை இஞ்சி இல்லை. "இதோ வந்துட்டேன்" என்று ஒரு காலைத் தொட்டிக்கு வெளியே எடுத்துப் போட்டார்.

"ஆங், ஒன்னு சொல்ல மறந்துட்டேன். புஷ்பா இத்தினி வாட்டி போனு பண்ண உட்டாளே, பதிலுக்கு ஒன்னும் செய்யாம வர முடியுமா? அதான் உங்கள அனுப்பறேன்னு வாக்குக் குடுத்துட்டேன்."

"எதுக்கு?"

ரிசீவர் கை மாறும் சத்தம் கேட்டது. புஷ்பாவின் குரல் கணீரென்று வந்தது.

"அண்ணாத்தே, அந்த பிரஷ்ஷ மட்டும் எடுத்துகினு வந்துடுங்க. பாசி எங்க தொட்டிலயே நெறைய கீது."